கத்திக்கும் ஒரு பதம் உண்டு

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம். நானே அடித்து, நானே பிடி போட்ட முதல் வெட்டுக்கத்தியை என் தங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். வேலியோரம் நின்ற கிளைரிசிடியாவைக் கழித்துத் தென்னைக்கு மூடாக்குப் போடும் வேலை. ஏழெட்டுக் கிளைகளைச் சீவினார். "நல்லா இறங்குது மச்சான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து காய்ந்துபோன ஒரு கணுவில் ஓங்கி வெட்டினார். மணி அடித்தது போல ஒரு சத்தம். கத்தியின் முனை நாலு விரற்கடை நீளத்துக்கு முறிந்து, அவர் காதோரமாகப் பறந்து, பின்னால் வரப்பில் குத்தி நின்றது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வரப்பில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகுதான், "மச்சான், இத்த வூட்டுல ஆணி அடிச்சி மாட்டி வை. கொல்லைக்கு வேணாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு விரல் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பார்க்க அழகாக இருந்த கத்தி. கூர் இருந்தது, கனம் இருந்தது. பிறகு ஏன் முறிந்தது? அதற்குப் பதில் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டதை நம் உழவர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். எல்லாரும் கத்தி அடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் கத்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்குக் கத்தி வேலை அதிகம்

களைக்கொல்லி அடிக்கிறவருக்குக் கத்தி எப்போதாவதுதான் தேவைப்படும். நமக்கு அப்படியில்லை. தழையுரத்துக்குக் கிளைரிசிடியா, அகத்தி, பூவரசு கழிக்க வேண்டும். உயிர்வேலியை ஒழுங்குபடுத்த வேண்டும். தென்னை மட்டையைத் துண்டு போட வேண்டும். குலை வெட்டிய வாழையைச் சீவி அங்கேயே மூடாக்காகப் போட வேண்டும். மாட்டுக்குத் தீவனம் நறுக்க வேண்டும். ஒரு காணி நிலம் வைத்திருக்கிற நானே வருடத்தில் பாதி நாள் கையில் கத்தியோடுதான் நிற்கிறேன்.

விதையை நாமே எடுத்து வைக்கிறோம். பூச்சிவிரட்டியை நாமே ஊறப் போடுகிறோம். கத்தி என்று வரும்போது மட்டும் கடையில் தொங்குவதில் பளபளப்பாக இருப்பதை எடுத்து வந்துவிடுகிறோம். தகட்டை அச்சில் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பிளாஸ்டிக் பிடி மாட்டிய கத்தி ஒரே மாதத்தில் மழுங்கும். மழுங்கிய கத்தி கூரான கத்தியைவிட ஆபத்தானது. அது மரத்தில் இறங்காமல் வழுக்கி முழங்காலுக்கு வரும்.

மூலக்குளத்தில் ஓர் உலை

என் வீடு மூலக்குளத்தில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகிற சாலையில் ரெட்டியார்பாளையம் தாண்டினால் எங்கள் ஊர். இப்போது ஊர் என்பதைவிட நகரின் ஒரு பகுதி என்றுதான் சொல்ல வேண்டும். சுற்றிலும் மாடி வீடுகள். நிலம் இன்னும் மேற்கே தள்ளி இருக்கிறது.

வீட்டின் பின்பக்கம் பத்துக்குப் பத்து அடியில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் பட்டறை. லாரியின் பழைய பிரேக் டிரம்மில் உள்ளே களிமண் பூசி உலையாக்கியிருக்கிறேன். அடியில் ஒரு குழாய், அதன் முனையில் கையால் சுற்றுகிற ஊதி. அடைகல்லுக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த கனமான இரும்புக் கட்டை ஒன்றைப் புளிய அடிமரத்தில் இறக்கி வைத்திருக்கிறேன். (தண்டவாளத் துண்டு நன்றாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது ரயில்வே சொத்து, வைத்திருப்பதே குற்றம். வேண்டாம்.) ஒரு கிலோ சுத்தியல், இரண்டு குறடு, நாலு அரம். இவ்வளவுதான் முதலீடு.

எரிக்க வேலிகாத்தான் கரி. நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு பெரிய கத்திக்கு எனக்கு ஐந்தாறு கிலோ ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல்தான் சுத்தியல் எடுப்பேன், மதியச் சாப்பாட்டுக்கு முன் நிறுத்திவிடுவேன். பக்கத்து மாடி வீட்டு அக்காவோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. அவர்கள் வீட்டு அரிவாள்மணைக்குச் சாணை பிடித்துக் கொடுத்த பிறகுதான் அந்த ஒப்பந்தமே கையெழுத்தானது.

எல்லாம் பார்த்தும் படித்தும் கற்றுக்கொண்டதுதான். அதனால்தான் முதல் கத்தி முறிந்தது.

ஆசாரியார் சொன்ன இரண்டு தப்பு

முறிந்த கத்தியை எடுத்துக்கொண்டு, எங்கள் நிலத்துக்கு அடுத்த ஊரில் இருக்கிற ஆசாரியாரிடம் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள்தான் இப்போது உலை மூட்டுகிறார். அவர் என் கத்தியின் கூரையும் பார்க்கவில்லை, பிடியையும் பார்க்கவில்லை. முறிந்த இடத்தை வெயிலுக்கு நேரே திருப்பிப் பார்த்தார்.

"இங்க பாரு தம்பி. சக்கரை கொட்டி வச்ச மாதிரி பொறுபொறுன்னு கீதா? நல்ல இரும்பு முறிஞ்சா இப்படி இருக்காது. சாம்பல் நிறத்துல, மழமழன்னு, மாவு மாதிரி இருக்கும். நீ ரொம்ப காச்சிட்ட."

"சரிங்க ஐயா. ரெண்டாவது தப்பு?"

"தோய்ச்சல் போட்ட. பதம் எறக்குனியா?"

இல்லை. எண்ணெயில் முக்கியதும் அரம் வைத்துப் பார்த்தேன். அரம் வழுக்கியது. அவ்வளவு கெட்டி. அந்தப் பூரிப்பில் நேராகக் கூர் தீட்டிப் பிடி போட்டுவிட்டேன்.

"கெட்டியா இருக்கறது கத்தி இல்ல தம்பி. கண்ணாடி கூடத்தான் கெட்டி. கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். உழறதுக்கு ஒரு பதம் இருக்கில்ல, சேறாவும் இருக்கக்கூடாது, கட்டியாவும் இருக்கக்கூடாது. அதேதான்."

இதைவிடத் தெளிவாக எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதன் பிறகு ஆறு மாதம், அவர் உலை மூட்டுகிற நாளில் துருத்தி சுற்றுகிற வேலைக்குப் போனேன். அங்கே கற்றதைத்தான் கீழே வரிசையாகத் தருகிறேன்.

இரும்பைத் தேர்ந்தெடுப்பது

வெட்டுக்கத்திக்கு நம் ஊர்ப் பட்டறைகளில் எடுப்பது லாரி ஸ்பிரிங் பட்டை. அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியிலும் பட்டைதான் மூலப்பொருள். காரணம் கரிமம். கட்டிடக் கம்பி போன்ற சாதாரண இரும்பில் கரிமம் 0.2 சதவீதம் அளவில்தான் இருக்கும். அதைக் காய்ச்சி முக்கினாலும் கெட்டிப்படாது. ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். கூரும் நிற்கும், அடியும் தாங்கும்.

ஆனால் பழைய பட்டையில் ஓர் அபாயம் உண்டு. பல வருடம் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்ததில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். பட்டையை நன்றாகத் தேய்த்து, மண்ணெண்ணெயில் சிறிது நேரம் ஊறப் போட்டு, துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து கோடு காட்டும். கோடு தெரிந்த பட்டையை ஒதுக்கிவிடுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைக்கவே கூடாது. அதன் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

அடிப்பது

பட்டை பழுத்த ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் எடுத்து அடிக்க வேண்டும். மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்தி மறுபடி உலையில் வைக்க வேண்டும். ஆறிய இரும்பை அடம்பிடித்து அடித்தால் உள்ளே கீறல் விழும். உலையில் மத்தாப்புப் போலப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று பொருள். அந்த இடம் போனதுதான், வெட்டி எறிந்துவிட வேண்டும்.

என் கத்தியின் அளவு: வெட்டும் பகுதி 11 அங்குலம். முதுகு 6 மில்லிமீட்டர் கனம், முனை நோக்கிப் போகப் போகக் குறையும். பிடிக்குள் போகிற காம்பு 5 அங்குலம். காம்பும் அலகும் சேரும் இடத்தைச் செங்கோணமாக வெட்டக் கூடாது, வளைவாக விட வேண்டும். பெரிய கத்திகள் அந்த மூலையில்தான் முறியும்.

அடித்து முடித்ததும் மறுபடி சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து இரவு முழுக்க ஆறவிட வேண்டும். காலையில் இரும்பு மெத்தென்று இருக்கும், அரம் நன்றாக வாங்கும். இரண்டு பக்கமும் சமமாகச் சரிவு கொடுங்கள். ஆனால் விளிம்பை ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு விட்டுவையுங்கள். இப்போதே கூராக்கினால் தோய்ச்சலில் கோணிவிடும், அல்லது விரிசல் விடும்.

தோய்ச்சலும் பதமும்

இதுதான் கத்திக்கு உயிர் வரும் இடம். நான் கோட்டைவிட்ட இடமும் இதுதான்.

முதலில், அடித்ததில் உள்ளே கலைந்துபோன மணிகளைச் சீராக்க வேண்டும். கத்தியைச் சிவக்கக் காய்ச்சி, காற்றில் தானாகக் கறுக்கும் வரை ஆறவிட வேண்டும். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சர்க்கரை போல இருக்கிற மணி மாவு போல ஆவது இதில்தான்.

அடுத்து தோய்ச்சல். எவ்வளவு சூடு என்பதற்கு ஒரு காந்தம் போதும். சுமார் 770 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் நிறம் ஏறவிட்டு, எண்ணெயில் இறக்க வேண்டும். வெயிலில் இந்த நிறம் சரியாகத் தெரியாது. கொட்டகையை இருட்டாக்கிக்கொள்வது நல்லது. நான் ஆழமான இரும்புப் பாத்திரத்தில் 5 லிட்டர் கடலை எண்ணெய் வைத்திருக்கிறேன். முதலில் ஒரு காய்ந்த இரும்புத் துண்டை அதில் போட்டு, விரல் பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். கத்தியை முனை கீழாக, நேராக இறக்கி, முன்னும் பின்னும்தான் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் வளைந்துவிடும்.

எண்ணெய் தீப்பிடிக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஒரு வாளி மணலும் வேண்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

வெளியே எடுத்து அரம் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் தோய்ச்சல் ஏறிவிட்டது. இந்த நிலையில் கத்தி கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தாலே உடையலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். உடனே பதம் இறக்க வேண்டும்.

அலகை உப்புத்தாளால் வெள்ளி போலத் தேய்த்துக்கொள்ளுங்கள். கனமான இரும்புக் கட்டை ஒன்றை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, அதன் மேல் கத்தியின் முதுகை வையுங்கள். கூர்ப்பக்கம் மேலே இருக்கட்டும். சூடு முதுகிலிருந்து மெதுவாக ஏறும். கூடவே நிறமும் ஏறும். முதலில் வைக்கோல் நிறம், இது சுமார் 220 டிகிரி. பிறகு தவிட்டு நிறம், 255 அளவில். அடுத்து கத்திரிப்பூ நிறம், 280 வாக்கில். கடைசியில் மயில் கழுத்து நீலம், 300. நமக்கு வேண்டியது முதுகில் நீலம், கூரில் தவிட்டு நிறம். கூருக்குத் தவிட்டு நிறம் வந்த நொடியில் எடுத்துத் தண்ணீரில் முக்கி நிறுத்திவிட வேண்டும். ஆறியதும் இன்னொரு முறை இதையே செய்தால் இன்னும் நல்லது.

அப்படிச் செய்தால் கூர் நிற்கும். முதுகு வளைந்து கொடுக்கும். முறியாது.

ஆசாரியார் இவ்வளவும் செய்வதில்லை. கூர்ப்பக்கத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி, அதை மட்டும் தண்ணீரில் ஒரு நொடி தொட்டு எடுப்பார். செங்கல் துண்டால் ஒரு தேய். முதுகில் தேங்கிய சூடு தானாகக் கூருக்கு நடந்து வரும். நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, சட்டென்று முழுக் கத்தியையும் முக்கிவிடுவார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது. "எப்படிங்க ஐயா தெரியுது?" என்று கேட்டேன். "கீரை வெந்தது உங்க அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ஆவாரையும் எருக்கும்

ஒரு நாள் துருத்தி சுற்றும்போது ஆசாரியார், "அந்தக் காலத்துல இரும்ப மண் சட்டியில வச்சி, ஆவாரஞ்செடி போட்டு மூடி, உருக்கு எறக்குவாங்களாம்" என்றார். கதை என்று நினைத்தேன். உண்மைதான்.

உலகம் வூட்ஸ் என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிற எஃகு நம் தென்னிந்தியாவில் செய்தது. நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' ஆகிய சொற்களோடு அந்தப் பெயரைத் தொடர்புபடுத்துவார்கள். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி, களிமண் குகையில் போட்டு, ஆவாரை மரத்துண்டும் எருக்கு இலையும் வைத்து, வாயை மண்ணால் மூடி, துருத்தி வைத்துக் காய்ச்சுவார்கள். செடியில் இருக்கிற கரிமம் இரும்புக்குள் ஏறும். அதுதான் உருக்கு. 19-ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்து எழுதி வைத்தவர்களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயரும் ஒருவர். 1830-களில் நமக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியவர் அவர். மின்சாரத்தில் ஆய்வு செய்த மைக்கேல் ஃபாரடேகூட இளவயதில் இந்த எஃகைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் பழைய இரும்பு, எஃகு உலைகள் அகழாய்வில் கிடைத்தன. நமக்கு இன்னும் பக்கத்தில், பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் உருக்குக் குகைகளின் மிச்சத்தை சாரதா ஸ்ரீநிவாசன் கண்டறிந்து 1994-இல் எழுதினார்.

வேலியில் நிற்கிற ஆவாரையையும், நாம் பூச்சிவிரட்டிக்குப் பறிக்கிற எருக்கையும் வைத்து எஃகு செய்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எருக்கஞ்செடியை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

பிடி, கூர், பராமரிப்பு

பிடிக்குக் கருவேலம், வாகை, புளி மூன்றும் நன்று. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சைக் கட்டையில் போட்டால் கோடையில் ஆடும். காம்பை விடச் சற்றுச் சிறிதாகத் துளையிட்டு, காம்பு நுனியைக் காய்ச்சி உள்ளே இறக்கினால் அது தன் இடத்தைச் சுட்டு எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அலகை ஈரத்துணியால் சுற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாடுபட்டு இறக்கிய பதம் போய்விடும். வாயில் பூண் அவசியம். பூண் இல்லாத பிடி ஒரு நாள் பிளக்கும், கத்தி கையை விட்டுப் பறக்கும். பிடியின் கடைசியைக் கொஞ்சம் புடைப்பாக விட்டால் வியர்த்த கையிலும் நழுவாது. கடைசியாக ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை பூசி, மேலே தேன்மெழுகு தேய்த்தால் போதும். வார்னிஷ் அடித்தால் கை கொப்பளிக்கும்.

கூர் தீட்டும்போது ஒரு எச்சரிக்கை. மின்சாரச் சாணையில் பொறி பறக்கத் தேய்த்து, விளிம்பு நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் பதம் போனது. எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. நம்மில் பலர் "கத்தி சரியில்ல" என்று குறை சொல்வது பாதி நேரம் இந்தச் சாணையின் வேலைதான். மின்சாணையில்தான் பிடிக்க வேண்டும் என்றால், இரண்டு தேய்ப்புக்கு ஒரு முறை தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். தினப்படிக்குத் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற தீட்டுக்கல்லே போதும். வேலை முடிந்ததும் பால், பிசின் போகக் கழுவித் துடைத்து, வேப்பெண்ணெய் ஒரு துளி தடவி வையுங்கள்.

பட்டறையில் நிற்பவருக்கு: கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள். பருத்தி உடை மட்டும்தான். நைலான் உருகித் தோலில் ஒட்டும். செருப்பு வேண்டாம், தோல் பூட்ஸ் போடுங்கள். குழந்தைகளை எட்ட நிறுத்துங்கள். கறுத்துப்போன இரும்பு ஆறிய இரும்பு இல்லை.

கத்தியைச் சோதிப்பது எப்படி?

அமெரிக்காவில் கையால் கத்தி அடிப்பவர்கள் 1976-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதில் ஒரு படி ஏற வேண்டுமானால் பரீட்சை உண்டு. அடித்த கத்தியால் தொங்குகிற ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். சட்டக் கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதே கத்தியால் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியாக அலகை 90 டிகிரி வளைத்தால் முறியக் கூடாது.

ஆசாரியாரின் பரீட்சை இதைவிட எளிது. காய்ந்த தென்னை மட்டையின் அடியில் பத்து வெட்டு. பிறகு கூரை நகத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பார். பல்லுப்போயிருந்தால் பதம் போதவில்லை, கெட்டி அதிகம். கூர் மடிந்திருந்தால் பதம் அதிகமாக இறங்கிவிட்டது, மெத்து. இரண்டும் இல்லாவிட்டால் கத்தி. கடையிலோ சந்தையிலோ கத்தி வாங்குகிறவர்களும் இதைச் செய்யலாம். "மட்டையில வெட்டிப் பாத்துட்டு வாங்கிக்கிறேன்" என்று கேளுங்கள். நல்ல கத்தி செய்தவர் மறுக்கமாட்டார். தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும், தட்டையாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். முதல் முறை வெட்டும்போது மட்டும் எதிரிலும் பக்கத்திலும் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது நான் விலை கொடுத்துக் கற்றது.

சட்டமும் சந்தேகமும்

பெரிய கத்தி செய்கிறேன் என்றதும் பலர் கேட்கிற கேள்வி, "போலீஸ் பிடிக்காதா?" 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே என்று செய்த பொருட்களை ஆயுதமாகக் கொள்ளவில்லை. விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைச் சொல்லும்போதும், வீடு, விவசாயம், தொழில் இவற்றுக்கான கத்திகளை விலக்கியே சொல்கிறார்கள். ஆகவே நான் செய்வது வெட்டுக்கத்தி மட்டும்தான். வாள் செய்வதில்லை, வீச்சரிவாள் செய்வதில்லை. நிலத்தில் வேலை செய்கிறவர் அல்லாத யாருக்கும் கொடுப்பதும் இல்லை.

2021-இல் தமிழ்நாட்டுக் காவல்துறை, கத்தி வாங்குகிறவரின் பெயர், முகவரி, எதற்காக வாங்குகிறார் என்பதைப் பட்டறைகளில் எழுதி வைக்கச் சொன்னது. கேமராவும் வைக்கச் சொன்னது. கொலை நடக்கிற காலத்தில் அதில் நியாயம் உண்டு. ஆனால் கேமரா வாங்குகிற அளவுக்குக்கூட வருமானம் இல்லாத கிழவர்தான் பல ஊர்களில் உலை மூட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும் உண்மை. கொழு அடித்துக் கொடுத்தவர், களைக்கொத்து அடித்துக் கொடுத்தவர். டிராக்டர் வந்ததும் கொழு வேலை போனது. களைக்கொல்லி வந்ததும் களைக்கொத்து வேலை போனது. அச்சில் வெட்டிய தகடு வந்ததும் கத்தி வேலையும் போனது.

வட மாநிலங்களிலிருந்து வந்து சாலையோரம் கூடாரம் போட்டு, ஆண் குறடு பிடிக்க, பெண் சம்மட்டி வீசி, கண்ணெதிரே கத்தி அடித்துத் தருகிற குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையிலும் இதே வித்தைதான். பேரம் பேசும் முன் அந்தச் சம்மட்டியை ஒரு முறை தூக்கிப் பாருங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

பொழுதுபோக்காக நான் அடிக்கிற கத்தி வருடத்துக்கு ஐந்தோ ஆறோதான். அதனால் எந்தப் பட்டறையும் பிழைக்காது. கைத்தொழிலைக் கற்றுக்கொண்டதால் எனக்குக் கிடைத்த பெரிய பலன் கத்தி இல்லை. ஆசாரியார் கேட்கிற கூலி எவ்வளவு குறைவு என்று தெரிந்ததுதான்.

ஊரில் பத்து உழவர்கள் சேர்ந்தால் போதும். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் எல்லாருடைய கத்தி, அரிவாள், களைக்கொத்து, மண்வெட்டிகளையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போய், பக்கத்துப் பட்டறையில் தட்டித் தோய்ச்சல் போட்டு வாங்கலாம். ஒரு முழு நாள் வேலை என்றால் அவருக்கும் உலை மூட்டுவது கட்டும். கூடவே ஊரில் ஆர்வமுள்ள ஓர் இளைஞரைத் துருத்தி சுற்ற அனுப்புங்கள். விதைத் திருவிழாவில் நாட்டு விதையை வைக்கிறோம். அதே பந்தலில் ஒரு ஆசாரியாருக்கும் இடம் கொடுக்கலாம். அவர் கையில் இருப்பதும் விதைதான், முளைக்கப் போட ஆள் வேண்டும்.

போன கார்த்திகையில் மூன்றாவது கத்தியை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். இந்த முறை நானே முதலில் மட்டையில் பத்து வெட்டு, பிறகு அதே காய்ந்த கிளைரிசிடியா கணுவில் இருபது வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். வாங்கியவர் பேசாமல் வேலிப்பக்கம் போனார். சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து கூரைப் பார்த்தார். ஓர் இடத்தில் இலேசாக மடிந்திருந்தது. கல்லில் நாலு இழுப்பு இழுத்தார், சரியானது.

"இது முறியாது மச்சான்" என்றார். முதல் கத்தி இன்னும் என் வீட்டுச் சுவரில், அவர் சொன்னபடியே, ஆணியில் தொங்குகிறது.